வரிசை குறையக் கூடாது

பெட்டியில் கிடத்தும்போது அடெலினோவுக்கு எந்தச் சீருடையைப் போடுவது என்று இரண்டு ஆண்கள் தன் சமையலறையில் நின்று மிக மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எர்மெலிண்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் சாப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கை சும்மா இருந்தால் எதையாவது எடுத்து எறிந்துவிடும் என்பதால்தான் உரித்தாள். தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவர் தியொடோரோ ஜன்னலோரம் நின்றிருந்தார். அவருடைய பெரிய உடம்புக்கு அந்தச் சமையலறை போதவில்லை. பழைய பேண்டின் மேஸ்ட்ரோ வால்டெமார் கதவோரம் நின்றான். வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டியே பழகிய அவன் விரல்கள் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தன.

"எங்க ஸ்டேஷன்ல, எங்க டெலிபோன் மேஜையில, காதுல ஹெட்போன் மாட்டினபடியே போனவரு," என்றார் தியொடோரோ. "கடைசியா அவர் மேல இருந்ததே எங்க சட்டைதான். அதைக் கழட்டிட்டு வேற போடறது எனக்குச் சரியாப் படலை."

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே எங்க பேண்டுல சேர்ந்தவரு. உங்ககிட்ட வந்தது அதுக்கப்புறம். அதையும் யோசிக்கணும் இல்லையா?" என்றான் வால்டெமார்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பொண்ணு கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டு அலமாரியில இருக்கு," என்றாள் எர்மெலிண்டா. "அதுல போகட்டும். அவர் ஒரு பொண்ணுக்கு அப்பாவாவும் இருந்தாரு. நீங்க ரெண்டு பேரும் மறந்துட்டீங்க."

தியொடோரோ தலை குனிந்தார். அந்தக் குனிவில் நடிப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்ததால் உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "ஹெல்மெட்டைப் பெட்டி மேல வைங்க, தியொடோரோ. தூக்கறதும் உங்க பசங்களே தூக்கட்டும்." அவர் கிட்டே வந்து அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வால்டெமாரும் அவர் பின்னாலேயே நழுவப் பார்த்தான்.

"நீ இரு," என்றாள்.

அவன் இருந்தான். கையில் வைத்திருந்த தாளை மேஜையில் விரித்தான். காப்பிக்கடைக் கதவிலும் கோயில் கதவிலும் ஒட்டுவதற்கான மரண அறிவிப்பு. அச்சு மை இன்னும் மணத்தது. மேலே சிலுவை, நடுவில் பேண்டுத் தொப்பியோடு அடெலினோவின் படம், கீழே வால்டெமாரே யோசித்து எழுதிய ஒரு வரி. குடும்பத்துக்கும் இசைக்கும் தொண்டுக்கும் தன்னை அர்ப்பணித்த வாழ்வு. நன்றாக இருக்கிறதா என்று அவன் முகம் கேட்டது. பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கும் பள்ளிப் பிள்ளையின் முகம். ஐம்பத்தைந்து வயதுக்காரனுக்கு அது பொருந்தவில்லை.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பொய் ஒன்றும் இல்லை. படுக்கையில் விழுந்த அவளுடைய அப்பாவை அடெலினோதான் தினமும் காலையில் தூக்கிப் போய்க் குளிப்பாட்டினார். கிழவரின் சொந்த மகன்கள் இருவரும் பாரிஸிலிருந்து தொலைபேசியில் அழுததோடு சரி. மகள் சில்வியா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு கத்தினால், பொம்பார்தினோ என்ற தன் பெரிய பித்தளை ஊதுகுழலை மடியில் வைத்து, மிகக் கீழே, ஏதோ பசு முனகுவதுபோல ஒரே சுரத்தை ஊதுவார்; பிள்ளை அப்படியே அடங்கிவிடும். சைரன் அலறினால் முள்கரண்டியில் குத்திய துண்டை அப்படியே தட்டில் போட்டுவிட்டு ஓடுவார். விடிந்தபின் யூகலிப்டஸ் புகை நாற்றத்தோடு வந்து, அதே துண்டைச் சூடு பண்ணாமலே தின்பார். இதற்கெல்லாம் அவள் அப்போது சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் சலித்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு மட்டும்தான் உண்டு என்பதில் அவளுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

பொய் இல்லாத அந்த வரியில் நடுவில் இருந்த சொல்தான் அவளை முள்ளாகக் குத்தியது. இசை. இதை எழுத இவனுக்கு எப்படிக் கை வந்தது?

சோப்ரெய்ராவில் பிறந்த எவருக்கும் ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒரு விஷயம் முடிவாகிவிடும்: பழைய பேண்டா, புதிய பேண்டா. புதியது என்று பெயர்தானே தவிர, அது பிரிந்துபோய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இரண்டுக்கும் நேர்த்தெருவிலேயே மண்டபம். ஒரு மண்டபத்து ஜன்னலில் நின்று தும்மினால் இன்னொன்றில் கேட்கும். ஆகஸ்டு மாதா திருவிழாவில் சதுக்கத்தின் இரு பக்கமும் எதிரெதிராக மேடை கட்டி, மாற்றி மாற்றி வாசித்து, ஒருவரை ஒருவர் வாய் மூட வைக்கப் பார்ப்பார்கள். புதிய பேண்டுக்காரனுக்குப் பெண் கொடுத்த ஒரு பழைய பேண்டுக்காரர் சாகும்வரை மாப்பிள்ளையை 'அந்த ஆள்' என்றே சொன்னார். எத்தனை தலை மேடையில் உட்கார்ந்திருக்கிறது என்று இவர்கள் அவர்களையும் அவர்கள் இவர்களையும் எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் மறுநாள் காப்பிக்கடையில் அதுதான் பேச்சு.

மூன்று திருவிழாவுக்கு முன், அடெலினோ பல்செட்டு கட்டிய வருடம், எல்லோரும் பார்த்திருக்க அவருடைய தனி வாசிப்பு நடுவில் உடைந்தது. ஒரு சுரம் விக்கிற்று. மறுபடி எடுத்தார், மறுபடியும் விக்கிற்று. எதிர்மேடைப் பக்கமிருந்து ஒருவன் கோழி மாதிரிக் கூவினான். சதுக்கமே சிரித்தது. எர்மெலிண்டாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் எதிரிகளுடையது என்று ஒதுக்கிவிட்டாள். எதிரி சிரிக்கத்தானே செய்வான். அவர் வீட்டுக்கு வந்து பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், லிண்டா," என்றார். பிறகு கார் நிற்கும் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு, காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, குளிர்காலம் முழுக்க ஊதினார். அதே இடத்தில் உடைந்தது. தனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியக் கூடாதென்று அவள் ரேடியோவைக் கூட்டி வைப்பாள்.

அடுத்த திருவிழா முடிந்த மறுநாள் அவருடைய கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். ஊதினால் குழாய்க்குள் தண்ணீர் சேரும். அதை அடிக்கடி வடித்துவிட்டு, ஊதுவாயையும் உதட்டையும் துடைப்பதற்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கல்யாணமானதிலிருந்து திருவிழாவுக்கு மறுநாள் அவள் துவைக்கும் முதல் துணி அதுதான். பித்தளைப் பச்சை ஏறி, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த வருடம் கைக்குட்டை அவள் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த அதே மடிப்போடு வந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது, ஒரு கறை கிடையாது. துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அவள் அவரிடம் உடனே கேட்கவில்லை. இலையுதிர் காலத்தில் புனிதரின் தேர்ப் பவனி வந்தபோது, சந்து முனையில், அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். பேண்டு கடந்து போயிற்று. அடெலினோவின் விரல்கள் வால்வுகளை அழுத்தின, உதடு ஊதுவாயில் இருந்தது, கண் தாளைப் பார்த்தது. கன்னம் மட்டும் அசையவில்லை. அந்தக் கன்னங்களை அவளுக்குத் தெரியும். ஊதும்போது இரண்டு ஆப்பிள் மாதிரி திரண்டு நிற்கும். இப்போது பழைய பை மாதிரித் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிச்சோற்றைப் பரிமாறும்போது கேட்டாள். அவர் மழுப்பவில்லை.

"வால்டெமார்தான் சொன்னான். வாயை வை, விரலை ஆட்டு, ஊதாதேன்னான். வரிசை குறையக் கூடாது இல்லையா. அவங்க தலையை எண்ணுவாங்க."

"நீங்க சரின்னுட்டீங்க."

"தூரத்துல இருந்து பார்த்தா நானும் வாசிக்கற மாதிரிதான் இருக்கும், லிண்டா. எனக்கு அவங்களோட நடந்தாப் போதும்." சொல்லிவிட்டுக் கோழிக்காலைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் துக்கம்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

தீயணைப்புப் படையில் இப்படி இல்லை. அவருடைய முட்டி போய்விட்டது என்று தெரிந்த அன்று தியொடோரோ எல்லோருக்கும் முன்னால் அவரிடம், "அடெலினோ, இனி நீ ஏணி ஏற முடியாது. ஹெல்மெட்டைக் குடு, டெலிபோனைப் பிடி," என்று சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் முழுக்க மனுஷன் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் நாற்காலிக்கு ஒரு மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊருக்கு ஆம்புலன்ஸும் அங்கிருந்துதான் போகும். அதன்பிறகு மலைமேல் தனியாக இருக்கும் ஆஸ்துமாக்காரக் கிழவி கூப்பிட்டால், தீயா மூச்சா என்று சொல்வதற்கு முன், "அடெலினோவா? அப்பாடா," என்பாளாம். அங்கே அவருக்கு உண்மையான வேலை கொடுத்தார்கள். இங்கே ஆளை உரித்தெடுத்துவிட்டுச் சீருடைக்கு வைக்கோல் அடைத்து வயல்பொம்மையாக நிறுத்தினார்கள். அதையும் அவர் நன்றியோடு செய்தார். அன்றிலிருந்து எர்மெலிண்டா கறுவிக்கொண்டிருந்தாள்.

சும்மாவும் இருக்கவில்லை. பேண்டின் ஆண்டு விருந்துக்கு எப்போதும் அவள்தான் பகல்யாவ் சமைப்பாள். அந்த உப்புக் கருவாட்டை நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டால்தான் வாயில் வைக்க முடியும். நடுத்துண்டில் தடிமனாக ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, ஒரே ஒரு ராத்திரி ஊறவைத்து, முட்டையும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாகப் போட்டு, சிரித்துக்கொண்டே வால்டெமாரின் தட்டில் வைத்தாள். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க அவனால் துப்பவும் முடியவில்லை. அன்று பிற்பகல் கச்சேரியில் இரண்டு தடவை மேடையை விட்டு இறங்கி ஓடினான். குடித்த தண்ணீர் அத்தனை. அவளுக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் வந்தது. பிறகு கருவாட்டோடு தீருகிற கணக்கா இது என்று மறுபடி எரிய ஆரம்பித்தது.

இப்போது அவன் அவளுடைய சமையலறையில், அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல்லுக்காக நின்றான்.

"பேண்டு தன் ஆளைத் தனியா அனுப்பாது, தோனா எர்மெலிண்டா," என்றான். "தொப்பியும் பொம்பார்தினோவும் பெட்டிமேல வைக்கணும்னு இல்லை, ஹெல்மெட்டே இருக்கட்டும். ஆனா சவ ஊர்வல இசையை நாங்க வாசிக்கணும். கோயில் வாசல்ல இருந்து கல்லறை வரைக்கும். நீங்க சரின்னு சொன்னா, பசங்ககிட்ட சொல்லிடுவேன்."

"புதிய பேண்டு மேஸ்ட்ரோ காலையில போன் பண்ணினாரு."

வால்டெமாரின் விரல் தொப்பியில் நின்றது.

"ரொம்ப மரியாதையாப் பேசினாரு. உங்களுக்கு ஏதாவது மனக்கசப்பு இருந்தா நாங்க வர்றோம்னாரு. யாரு சொன்னாங்களோ எனக்கு மனக்கசப்புன்னு. ஊர்ல எதையும் மூடி வைக்க முடியலை பாரு."

"நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்க."

"ஏன் பண்ண மாட்டேன்? அவங்க சத்தமாவே வாசிப்பாங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பழைய பேண்டின் வரலாற்றிலேயே தன் பிணத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நேர்த்தெருவில், தங்கள் மண்டபத்து வாசலிலேயே, தங்கள் பொம்பார்தினோக்காரனைப் புதிய பேண்டு வாசித்துக் கூட்டிப் போனால், அதற்குப்பிறகு எந்தப் பெற்றோரும் பிள்ளையை இங்கே சேர்க்க மாட்டார்கள். அவன் நாற்காலியை இழுத்து, கேட்காமலே உட்கார்ந்தான்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

இதைக் கேட்கத்தான் அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். கத்தியைக் கழுவினாள், துடைத்தாள், இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"வாங்க. எல்லாரும் வாங்க. முழுச் சீருடையில, பட்டன் போட்டு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வாங்க. கோயில்ல இருந்து கல்லறை வரைக்கும் அந்த இசையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிங்க. ஆனா அவர் வாசிச்ச மாதிரி வாசிங்க."

"அவர் வாசிச்ச மாதிரின்னா?"

"வாயை வைங்க. விரலை ஆட்டுங்க. ஊதாதீங்க."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறிற்று. அது ஏறுவதை அவள் ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் துணியைத் துவைச்சவ நான்."

"அவரைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன், தோனா எர்மெலிண்டா. ஊரே சிரிச்சுது. நீங்களும் அங்கேதானே இருந்தீங்க? இன்னொரு தடவை அப்படி நடந்தா அவர் தாங்கியிருக்க மாட்டாரு. வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அதான்..."

"மனசு வரலையா, ஆள் வரலையா? தலை குறையுதுன்னு பயந்தே. தியொடோரோ மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, இவரும் எடுத்துக்கிட்டாரு. நீயும் சொல்லியிருக்கலாம். கொடி பிடிக்கக் குடுத்திருக்கலாம், தாள் அடுக்கக் குடுத்திருக்கலாம். அவர் கொடியையும் தூக்கிட்டு வந்திருப்பாரு. நீ அவரை ஊமையாக்கி நடுவுல உக்கார வெச்சே."

"சரி, தப்புதான். நான் பண்ணின தப்பு. அதுக்கு மத்தவங்க என்ன பண்ணாங்க?"

"பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் காது இல்லையா? பின்னால டிரம் அடிக்கறவனுக்குக் கண்ணு இல்லையா? எல்லாரும் சேர்ந்துதானே பேசாம இருந்தீங்க? நாளைக்கும் சேர்ந்தே பேசாம இருங்க. டிரம்மும்தான். குச்சி தோல்ல படக் கூடாது."

"ஊர் என்ன நினைக்கும்?"

"வரிசை நிறைஞ்சிருக்குன்னு நினைக்கும்."

அவன் எழுந்தான். மரண அறிவிப்பை எடுத்துக்கொள்ள மறந்து கதவுவரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டான். போகும்போது சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் மிச்ச உருளைக்கிழங்கையும் உரித்தாள்.

மாலையில், கோயிலுக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் பிரேதத்தோடு உட்காரப் போவதற்காகக் கறுப்பு உடுத்திக்கொண்டிருக்கையில் சில்வியா வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. பேண்டில் கிளாரினெட். மண்டபத்திலிருந்து நேராக வந்திருந்தாள். அழுததில் மூக்கு வீங்கியிருந்தது.

"அம்மா, மண்டபத்துல கத்திக்கிட்டிருக்காங்க. மூணு பேர் தொப்பியைக் கழட்டி மேஜையில வெச்சுட்டாங்க. வால்டெமார் கெஞ்சறாரு. என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"முதுகுல இந்த ஜிப்பைப் போடு."

சில்வியா போட்டாள். போட்டுவிட்டு அம்மாவின் முதுகிலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். "அப்பா இதைக் கேட்டிருக்க மாட்டாரு."

"அவருக்குக் கேக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக் கேக்கறேன்?" எர்மெலிண்டா திரும்பினாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி, வாயருகே வந்து வந்து திரும்பிய கேள்வி, இப்போது தானாக வெளியே வந்தது. "உனக்கு எப்போ தெரியும்?"

சில்வியா கட்டிலில் உட்கார்ந்தாள். "முதல் ஒத்திகையிலேயே. எனக்குப் பின் வரிசைதானே அப்பா. சின்ன வயசுல இருந்து என் முதுகுல அந்தச் சத்தம் பட்டுக்கிட்டே இருக்கும். அன்னைக்குப் படலை. திரும்பிப் பார்த்தேன். கண்ணடிச்சாரு. வெளியில வந்ததும், அம்மாகிட்ட சொல்லாதே, அவ மேஸ்ட்ரோவைக் கடிச்சுத் தின்னுடுவான்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

ஆக, ரகசியம் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்திருக்கிறது, எர்மெலிண்டாதான் வெளியே. அடெலினோ மேலும் கோபம் வந்தது, அங்கே பெட்டிக்குள் பேச முடியாமல் கிடக்கிற மனுஷன் மேல். அவரைப் பிடித்து உலுக்கி, நான் கடித்துத் தின்றிருக்கத்தான் வேண்டும், அதற்குத்தானே நான் இருந்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"நீ நிறுத்தியிருக்கலாம்," என்றாள்.

"நிறுத்தியிருக்கலாம். பயந்துட்டேன். பேண்டை விட்டே போயிடுவாரோன்னு. போனா அவருக்கு ஸ்டேஷன் டெலிபோனை விட்டா என்னம்மா இருக்கு?" சில்வியா நிமிர்ந்தாள். "அப்ப நானும் ஊதக் கூடாதா? என் அப்பா பெட்டிக்குப் பின்னால நடந்துக்கிட்டு, கிளாரினெட்டைச் சும்மா வாயில வெச்சுக்கிட்டு? எனக்குமா தண்டனை?"

வேண்டாம், நீ மட்டும் வாசி என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது. மகளின் வீங்கிய மூக்கையும், அடெலினோவைப் போலவே பக்கவாட்டில் நீண்டிருந்த காதுகளையும் பார்த்தாள்.

"உனக்கும்தான்," என்றாள்.

சில்வியா எழுந்து, அம்மாவின் கறுப்புச் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை, தொப்பியைக் கழற்றி வைத்த மூவரும் வந்திருந்தார்கள். பூட்ஸ் பளபளத்தது. பின் வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. அதை அவள் கேட்கவில்லை.

தியொடோரோவின் பசங்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் சைரனை ஒலிக்கவிட்டார்கள், இறந்த தொண்டருக்குச் செய்யும் மரியாதை. ஊர் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. அது மெல்லத் தணிந்து, கடைசி முனகலும் அடங்கியபின், வால்டெமார் கையை உயர்த்தி இறக்கினான். வாத்தியங்கள் உதட்டுக்குப் போயின. ஊர்வலம் நகர்ந்தது. சத்தம் வரவில்லை.

தெருவில் நின்றவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தார்கள். பிறகு விரல்கள் ஓடுவதையும் மேஸ்ட்ரோவின் கை தாளம் போடுவதையும் பார்த்துவிட்டு, காதில்தான் கோளாறோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பிக்கடைக்காரன் சிலுவை போட்டுக்கொண்டான். நெருங்கி வந்தவர்களுக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது: வால்வுகளும் கிளாரினெட் மூடிகளும் எழுந்து விழும் டக் டக். எங்கோ நிறையப் பெண்கள் உட்கார்ந்து மொச்சை உரிப்பதுபோல. அதோடு பூட்ஸ் கால்கள். வேறொன்றும் இல்லை.

எர்மெலிண்டாவுக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? சால்வைக்குள் அவள் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. புதிய பேண்டு மண்டபம் வந்தபோது வாசலில் அவர்கள் எல்லோரும், எதிரியானாலும் சவத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதைப்படி, தொப்பியை மார்பில் பிடித்து நின்றிருந்தார்கள். அவர்களுடைய வயதான டூபாக்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். கோழி மாதிரிக் கூவியவனும் அங்கே இருந்தான். சிரிக்கவில்லை, வாயைத் திறந்தபடி பார்த்தான். பார், நன்றாகப் பார். உங்கள் எதிரி எப்படி வாசிக்கிறான் பார்.

அங்கேதான் அவள் திரும்பினாள். விதவை பெட்டியைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். சவ அடக்கக்காரர் அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பப் பார்த்தார், உதறிவிட்டாள். பின்னோக்கி நடந்துகொண்டே வரிசை வரிசையாகக் கன்னங்களைப் பார்த்தாள். யாராவது திருட்டுத்தனமாக ஊதுகிறார்களா? ஒருவரும் இல்லை. எல்லாக் கன்னமும் தொங்கின. டிரம்காரனின் குச்சிகள் தோலுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து வந்து நின்றன. சில்வியாவின் விரல்கள் ஒரு சுரம்கூடத் தப்பாமல் ஓடின. கண்ணீர் கிளாரினெட்டின் மேல் வழிந்து விரலுக்கு விரல் இறங்கிற்று. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.

பக்கவாட்டில் நடந்த வால்டெமாரின் வலக்கை எல்லோருக்குமாகத் தாளம் போட்டது. அவன் எதையும் தவறவிடவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். எங்கே மெல்ல, எங்கே ஓங்கி என்று கேட்காத இசைக்கெல்லாம் கை காட்டிக்கொண்டுதான் வந்தான். திடீரென்று எல்லா வாத்தியங்களும் ஒன்றாகக் கீழே இறங்கின. பேண்டு நின்றது. இந்த இசையின் நடுவில் அப்படி ஓர் இடம் உண்டு: பொம்பார்தினோ மட்டும் தனியாக எழுந்து பாடும். அங்கே தாளம் கிடையாது. வாசிக்கிறவர் தன் மனம்போல் இழுக்கலாம். அவர் முடித்தால்தான் மேஸ்ட்ரோவின் கை இறங்கும், அதன்பிறகுதான் மற்றவர்கள் மூச்சு எடுப்பார்கள். வால்டெமாரின் இடக்கை, உள்ளங்கை மேலே பார்க்க, பின் வரிசையின் காலி இடத்தை நோக்கி நீண்டது.

நீண்ட கை நீண்டபடியே நின்றது. முடித்துவைக்க அங்கே ஆள் இல்லை. மொச்சை உரிக்கும் சத்தமும் போய்விட்டது. முன்னால் பெட்டியும் நின்றது. தோளில் கனத்தோடு பசங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரு முழுக்க ஒரு மேஸ்ட்ரோவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வால்டெமார் அவளைப் பார்த்தான். போதுமா என்று அவன் முகம் கேட்டது, கெஞ்சிற்று. தோளிலிருந்து கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

அவள் அவசரப்படவில்லை. மனதுக்குள் அந்தத் தனிப் பகுதியை முதல் சுரத்திலிருந்து ஆரம்பித்தாள். அடெலினோ எங்கே மூச்சு எடுப்பாரோ அங்கே எடுத்தாள், எங்கே இழுப்பாரோ அங்கே இழுத்தாள். கொட்டகையில் எப்போதும் உடைகிற அந்தச் சுரம் இதிலும் வந்தது. அது உடையாமல் கடந்தது. வால்டெமாரின் கை இப்போது விரல்வரை நடுங்கிற்று. அவன் கண்ணிலேயே தன் கண்ணை வைத்து, கடைசியில் வரும் அந்த நீண்ட சுரத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்து, அதைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.